தீராத கரம்

எங்கள் பக்கத்து முதியவர்கள் வீட்டுவரியை இன்றும் 'கரம்' என்றே சொல்கிறார்கள். "கரம் தீத்தாச்சா?" என்று கேட்பார்கள். திருவிதாங்கூர் அரசு விட்டுச்சென்ற சொல் அது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் தாலுகா சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது குலசேகரமும் இணைந்தது. என் தாத்தாவின் ரசீதுகள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கின்றன. அப்பாவின் ரசீதுகள் தமிழில் இருக்கின்றன. மொழி மாறியது, ஆண்டுக்கணக்கு மாறியது, அலுவலகத்தின் பெயர்ப்பலகை மாறியது. கரம் என்ற சொல் மட்டும் நாவில் தங்கிவிட்டது.

தமிழ் கற்பிக்கிறவள் என்பதால் என் கவனம் வினைச்சொற்களில்தான் முதலில் போகும். கடனை அடைக்கிறோம். வரியைக் கட்டுகிறோம். கல்வெட்டுக் காலத்தில் இறையை இறுத்தார்கள். கரத்தை மட்டும் 'தீர்க்கிறோம்'. இந்த நான்கில் பொருளுக்குச் சற்றும் பொருந்தாத வினை இதுதான். கடன் ஒருநாள் தீரும். கரமோ ஆறு மாதம் கழிந்ததும் மறுபடி வாசலில் வந்து நிற்கும். வங்கிக் கடன் முடிந்தவர்களும், கடனே வாங்காமல் வீடு கட்டியவர்களும் இந்த வேறுபாட்டை மற்றவர்களைவிட நன்கு உணர்ந்திருக்க வேண்டும். ஆனால் "இனி இந்த வீட்டுக்கு யாருக்கும் ஒரு காசு தர வேண்டியதில்லை" என்ற சொல்லை நான் அதிகம் கேட்டிருப்பது அவர்களிடமிருந்துதான்.

நாங்கள் பதினைந்து ஆண்டுத் தவணையில் வாங்கிய வீட்டுக்கடன் 2024இல் முடிந்தது. அடமானமாக வைத்திருந்த மூலப் பத்திரங்கள் திரும்பி வந்தன. கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதத்துக்குத் தாங்கள் காரணமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் ஆணையிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆகவே எங்களுக்கு அலைச்சல் இல்லை. பத்திர உறையோடு ஒரு காகிதமும் வந்தது. வீட்டின் மீதிருந்த காப்பீட்டுப் பாலிசி கடன் காலத்தோடு முடிகிறது என்று அதில் இருந்தது. கடன் கொடுத்தபோது வங்கியே எடுக்கச் சொன்ன பாலிசி அது. பிரீமியத்தையும் கடன் தொகையோடு சேர்த்துப் பதினைந்து ஆண்டுக்கும் மொத்தமாக அன்றே கட்டியாகிவிட்டது. வீட்டுக்குக் குடை பிடித்திருந்தவர் தம் வேலை முடிந்ததும் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் குற்றம் சொல்ல ஏதுமில்லை. அவர் காத்தது தம் கடனைத்தான்.

இந்தச் செய்தியை நியூ ஜெர்சியில் இருக்கும் என் கல்லூரித் தோழியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "அப்படியானால் இனி வரியையும் இன்சூரன்ஸையும் நீயேதான் கட்டணுமா?" என்று. கடன் இருந்தபோதும் வரியை நாங்கள்தான் கட்டினோம் என்றேன். அது அவளுக்கு வியப்பாக இருந்தது. அப்போதுதான் எஸ்க்ரோ என்ற ஏற்பாட்டை அவள் எனக்கு விளக்கினாள்.

அமெரிக்காவில் வீட்டுக்கடன் தவணையோடு சொத்துவரியின் பன்னிரண்டில் ஒரு பங்கையும், வீட்டுக் காப்பீட்டுப் பிரீமியத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கையும் கடன் கொடுத்தவர் மாதந்தோறும் பிடித்துக்கொள்வது பெருவழக்கு. அந்தப் பணம் தனிக்கணக்கில் கிடக்கும். வரிக்கெடு வந்ததும் அதிலிருந்து அவரே வரியைக் கட்டுவார், பாலிசியையும் அவரே புதுப்பிப்பார். ஆண்டுக்கொரு முறை கணக்கு அனுப்புவார். வரி ஏறியிருந்தால் மாதத் தொகையும் ஏறும். அவர் இஷ்டம்போல் பிடித்துக்கொள்ள முடியாதபடி 1974ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் இருக்கின்றன. எதிர்பாராத உயர்வுக்கென்று அவர் கூடுதலாக வைத்துக்கொள்ளக்கூடியது ஆண்டுச் செலவில் ஆறில் ஒரு பங்கு, அதாவது இரண்டு மாதத் தொகை, அவ்வளவுதான். எஸ்க்ரோ என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததாம். தோல் துண்டு, சுருள் என்பது பொருள். இருவருக்கு நடுவே மூன்றாமவர் கையில் வைத்திருக்கும் சுருள். கடன் முடிந்தால் அந்தக் கணக்கும் முடிந்துவிடும். அதன்பின் பெரிய தொகை ஒன்றை ஆண்டில் சில முறை தானே எடுத்துவைக்க வேண்டிய நிலை வரும்போது அங்கே பலர் திணறிப்போகிறார்கள் என்றாள்.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் நினைவுக்கு வந்தன. இறைத்திரவியம், இறைகாவல் என்ற சொற்கள் அவற்றில் வரும். ஒருவர் கோயிலுக்கு நிலம் கொடுக்கிறார். நிலத்தோடு அதன் வரியும் கோயிலின் தலையில் ஏறிவிடக்கூடாது. ஆகவே ஊர்ச்சபையிடம் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார். சபை அந்தப் பணத்தை முதலாக வைத்துக்கொண்டு, அதன் பலனிலிருந்து ஆண்டுதோறும் அந்த நிலத்துக்கான இறையைத் தானே இறுத்துவரும். நிலம் 'இறையிலி' ஆகிவிடும். இறையிலி என்றால் வரியே இல்லாத நிலம் என்று மாணவர்கள் எழுதுவார்கள். வரி மறைந்துவிடவில்லை, அதைச் சுமப்பவர் மாறியிருக்கிறார் என்று நான் திருத்துவேன். மூன்றாமவர் கையில் பணத்தைக் கொடுத்து வரிக்கு வழிசெய்யும் எண்ணம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் இருந்திருக்கிறது. மாதத்தவணை மட்டும்தான் அதில் இல்லை.

வரி இறுக்காவிட்டால் என்ன நேரும் என்பதையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. முதலாம் ராஜராஜனின் 24ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உக்கல் கல்வெட்டில் ஓர் அரசாணை இருக்கிறது. இரண்டு ஆண்டு முழுவதும் இறை செலுத்தாதவர்களின் நிலத்தை ஊரார் எடுத்து விற்கலாம் என்பது அதன் சாரம். இது ஏதோ பழங்காலத்துக் கொடுமை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டி தம் அடுக்ககக் குடியிருப்புக்குச் சுமார் 2,300 டாலர் சொத்துவரி பாக்கி வைத்திருந்தார். வட்டியும் தண்டமும் சேர்ந்து அது 15,000 டாலர் ஆயிற்று. ஹென்னபின் கவுண்டி நிர்வாகம் வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்றது. பாக்கி போக மிஞ்சிய 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. மிச்சத்தை அரசு விழுங்கிக்கொள்வது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 மே மாதத்தில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்போது அவருக்கு வயது 94. தீர்ப்பு மிச்சப் பணத்தைப் பற்றியதுதான். பாக்கிக்காக வீட்டை விற்கலாமா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

வரி என்றதும் வகுப்பில் நாங்கள் எடுத்துக்கொள்வது புறநானூற்றின் 184ஆம் பாடல். பிசிராந்தையார் அதில் அரசனுக்கு அளவறிந்து வரி கொள்ளும்படி சொல்கிறார். வாங்குபவனுக்கான அறிவுரை அது. கொடுப்பவனுடைய கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதை நான் இலக்கியத்தில் கற்கவில்லை, அம்மாவிடம் கற்றேன்.

அப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் இருந்தது. பாலை ஷீட்டாக்கி விற்ற பணம் வீட்டுச் செலவுக்கும் எங்கள் படிப்புக்கும் போகும். வெட்டுப் பட்டையிலும் சிரட்டையின் அடியிலும் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் இருக்கிறதே, அதை அம்மா தனியாகச் சேர்த்து வைப்பாள். அது விற்கிற காசை அப்பாவிடம் கொடுக்க மாட்டாள். அடுக்களையில் பழைய பால்மாவு டப்பா ஒன்றில் போட்டு வைப்பாள். "அது வீட்டுக்க பைசா" என்பாள். ஓடு மாற்ற, கரம் தீர்க்க, கிணறு இறைக்க என்று அந்தப் பணத்துக்கு உடைமைக்காரர் வீடுதான்.

அந்த ஏற்பாட்டின் நுட்பம் எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. மாசி, பங்குனியில் இலையுதிர்ந்து தளிர்க்கும் காலத்தில் ரப்பர் வெட்டை நிறுத்திவிடுவார்கள். கையில் காசு ஓட்டம் இருக்காது. வரியின் இரண்டாம் அரையாண்டு முடிவதோ மார்ச் 31இல். வருமானம் வற்றிக் கிடக்கும் நேரத்தில்தான் பில் கலெக்டர் சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு முற்றத்தில் வந்து நிற்பார். வைகாசி முதலே துளித்துளியாகச் சேர்ந்த டப்பா அன்று திறக்கும். வங்கியும் சட்டமும் சேர்ந்து அமெரிக்காவில் செய்வதை எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மா ஒரு டப்பாவை வைத்துச் செய்திருக்கிறாள்.

இப்போது பில் கலெக்டருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கைப்பேசியிலேயே கட்டிவிடலாம். வசதிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் முற்றத்தில் ஆள் வந்து நின்றபோது அவரே நமக்கு நினைவூட்டலாகவும் இருந்தார். அந்த வேலை இப்போது நம்முடையதாகிவிட்டது. ஒரு தெருவில் நான்கு வீடுகள் பூட்டிக்கிடக்கும் ஊர் இது. பிள்ளைகள் குவைத்திலும் துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அண்ணன் கட்டியிருப்பான் என்று தம்பியும், தம்பி கட்டியிருப்பான் என்று அண்ணனும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நிலுவை இருப்பது பெயர் மாற்றத்துக்கோ புதிய குடிநீர் இணைப்புக்கோ போய் நிற்கும்போதுதான் தெரியவரும்.

காப்பீட்டின் கதை இதைவிடக் கடினமானது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தின்மேல் வீசியதை இங்கே யாரும் மறக்கவில்லை. விடிந்து பார்த்தபோது ரப்பர்த் தோட்டங்கள் படுத்துக்கிடந்தன. பல நாள் மின்சாரம் இல்லை. எங்கள் உறவில் ஓர் அண்ணாச்சியின் வீட்டின்மேல் பக்கத்துத் தோட்டத்து அயனி மரம் விழுந்தது. ஆட்களுக்கு ஒன்றும் நேரவில்லை. மாடியின் பாதியும் அடுக்களையும் போயின. "லோன் எடுத்தப்பவே இன்சூரன்ஸ் போட்டாச்சு" என்று அவர் நிம்மதியாகத்தான் இருந்தார். காகிதத்தை எடுத்துப் பார்த்தபோது அது அவருடைய ஆயுளுக்கான காப்பீடு. கடன் முடிவதற்குள் அவர் இறந்தால் மிச்சக் கடனை அடைப்பதற்கானது. வீட்டுக்கான பாலிசி கடனோடு சேர்ந்து எட்டு மாதத்துக்கு முன்பே முடிந்திருந்தது. அரசு தந்த நிவாரணம் ஆறுதலாக இருந்தது. வீட்டைத் திரும்பக் கட்டுவதற்கு அது போதவில்லை. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகையை அடகு வைத்து அவர் அடுக்களையைக் கட்டினார். அதை மீட்க மூன்று ஆண்டு ஆயிற்று. கல்யாணமும் அதுவரை தள்ளிப்போயிற்று.

ஆகவே கடன் முடிந்த வீட்டுக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது, கையில் இருப்பது ஆயுள் காப்பீடா வீட்டுக் காப்பீடா என்பதுதான். இரண்டையும் வங்கியிலேயே ஒரே நாளில் கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்போம். இரண்டையும் 'லோன் இன்சூரன்ஸ்' என்றே சொல்லிப் பழகியிருப்போம். வீட்டுப் பாலிசி இன்னும் உயிரோடு இருந்தால் அதில் வங்கியின் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடன் முடிந்தபின் அதை நீக்கச் சொல்லி எழுதிக்கொடுப்பது நல்லது.

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் விதித்திருக்கிறது. தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் அதில் அடங்கும். மரம் விழுவதும் அடங்கும். எங்கள் ஊருக்கு வேறென்ன வேண்டும்? காப்பீட்டுத் தொகை, வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுதான். மனையின் விலையை அதில் சேர்க்கத் தேவையில்லை. புயல் செண்டைத் தூக்கிக்கொண்டு போகாது. வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம்வரை, 10 லட்சம் ரூபாய் உச்சவரம்போடு, தானாகவே காப்பு உண்டு. பத்தாண்டுவரை மொத்தமாகவும் எடுக்கலாம். ஆனால் பராமரிப்பில்லாமல் சுவர் கசிவதற்கும் தளம் உதிர்வதற்கும் அது பணம் தராது. அதற்கு அம்மாவின் டப்பாதான்.

எங்கள் கணக்கு இது. அரையாண்டு வீட்டுவரி 1,350 ரூபாய், ஆண்டுக்கு 2,700. குடிநீர்க் கட்டணம் ஆண்டுக்கு 1,200. காப்பீட்டுப் பிரீமியம் 2,100. மொத்தம் 6,000. மாதத்துக்கு 500. சம்பளம் வரும் நாளன்றே வேறொரு சேமிப்புக் கணக்குக்கு 500 ரூபாய் தானாகப் போய்விடும்படி செய்திருக்கிறோம். தொடக்கத்தில் இரண்டு மாதத் தொகையான 1,000 ரூபாயைக் கூடுதலாகப் போட்டோம். அந்த ஆறில் ஒரு பங்கு விதியை நான் அமெரிக்கச் சட்டத்திடமிருந்து இரவல் வாங்கிக்கொண்டேன். தேவைப்படும் என்பதில் ஐயமில்லை. தமிழ்நாட்டில் 2022இல் சொத்துவரி பெரிய அளவில் உயர்த்தப்பட்டது. அதன்பின் ஆண்டுதோறும் வரி உயர்வதற்கும் சட்டத்தில் வழி செய்யப்பட்டிருக்கிறது. சென்ற ஆண்டின் தொகை வரும் ஆண்டுக்குப் போதும் என்று யாரும் இருந்துவிட முடியாது.

ஏப்ரல் மாதத்துக்குள்ளும் அக்டோபர் மாதத்துக்குள்ளும் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டிவிட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழிகிறது. எங்களுக்கு அது 67 ரூபாய் 50 காசு. தாமதித்தால் மாதம் ஒரு சதவீதம் வட்டி. பெரிய தொகைகள் அல்லதான். இருந்தாலும் ஏப்ரல், அக்டோபர் என்று இரண்டு மாதங்களை மனத்தில் குறித்துக்கொள்ள அந்த 67 ரூபாய் 50 காசு உதவுகிறது.

ஐந்நூறு ரூபாய்க்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்கலாம். தொகை சிறியது என்பதனால்தான் அது தப்பிப்போகிறது. பள்ளிக் கட்டணத்தை யாரும் மறப்பதில்லை. பெரிய தொகைக்கு நாமே அஞ்சி முன்னேற்பாடு செய்துவிடுகிறோம். சிறிய தொகை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லுக்குள் காணாமல் போகும். அண்ணாச்சி ஆண்டுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடித்திருக்கக்கூடிய ஒன்றுக்குத்தான் மூன்று ஆண்டு நகையை மீட்டுக்கொண்டிருந்தார்.

இவற்றையெல்லாம் எங்கள் வீட்டுக்குச் செய்து முடித்தபின் அம்மா தனியாக இருக்கும் பழைய ஓட்டு வீட்டுக்கும் செய்ய எண்ணினேன். கடனே காணாத வீடு அது. எந்த வங்கியும் அதைக் கவனித்ததில்லை. பாலிசி உரிமையாளரின் பெயரில்தான் இருக்க வேண்டும். வரியோ ஏழு ஆண்டுக்கு முன் இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. வரி ரசீது உரிமைப்பத்திரம் ஆகிவிடாது என்பது உண்மை. ஆயினும் ஜாமீன் நிற்பதுமுதல் மின் இணைப்புவரை நம் ஊரில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். பெயர் மாற்ற வேண்டும் என்றேன். அம்மா ஒப்பவில்லை.

"ரேசன் கார்டுல எடுத்தாச்சு. ஓட்டர் லிஸ்ட்ல எடுத்தாச்சு. இதுலயாவது கெடக்கட்டும் மக்களே" என்றாள்.

அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதத்துக்கொரு முறை அப்பாவைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரே காகிதம் அது என்பதை நான் அதுவரை அப்படி எண்ணிப் பார்த்ததில்லை. ஒன்றரை ஆண்டு அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு பெய்த ஒரு பெருமழையில் வீட்டின் பின்சுவர் விரிசல் கண்டது. சரிசெய்துவிட்டோம். அதன்பின் ஒருநாள் அம்மாவே, "என்னவோ மாத்தணும்னியே, என்ன வேணும் அதுக்கு?" என்று கேட்டாள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நிலுவையில்லாத வரி ரசீது, குவைத்திலிருந்து தம்பி அனுப்பிய சம்மதக் கடிதம், என்னுடைய கையெழுத்து. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

முதல் ரசீதைக் கைப்பேசியில் காட்டியபோது அம்மா நம்பவில்லை. அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தாள். வீட்டின் உடைமைக்காரி என்று அவள் பெயர் அச்சில் வந்தது அதுவே முதல்முறை. பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து இருந்தது. அதன்மேல் விரலை வைத்துச் சிறிதுநேரம் இருந்தாள். பிறகு தாளை மடித்துப் பால்மாவு டப்பாவுக்குள் வைத்துவிட்டு, "அடுத்தது எப்பம் தீக்கணும்?" என்று கேட்டாள்.

அக்டோபர் என்றேன்.